தாய் ஹாம்ஸ்டர் குட்டிகளைச் சேர்க்கவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

எங்கள் வீட்டு ஹாம்ஸ்டர் முதல் தடவை குட்டி போட்டபோது எட்டுக் குட்டிகளும் மூன்றே நாளில் போய்விட்டன. கூண்டு நாறுகிறதே என்று இரண்டாம் நாள் காலையில் படுக்கையை மொத்தமாக அள்ளிக் கொட்டிச் சுத்தம் செய்தேன். அவ்வளவுதான், சாயங்காலமே எண்ணிக்கை குறைய ஆரம்பித்தது. அதற்கப்புறம் நிறைய ஈற்றுகள் பார்த்தாகிவிட்டது. இப்போது தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று இரவு பதினொரு மணிக்கெல்லாம் போன் வருகிறது. கேட்பது என்னவோ ஏழெட்டுக் கேள்விதான். அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

இங்கே சொல்வது பெரும்பாலும் சிரியன் ஹாம்ஸ்டருக்கு. கடையில் கோல்டன், டெடி பியர் என்று சொல்லி விற்பதெல்லாம் அதுதான். குள்ள வகைகளுக்கு எங்கே மாறுகிறதோ அங்கே சொல்கிறேன்.

## எதையும் தொடும் முன்: இன்று எத்தனையாவது நாள்?

போன் செய்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். ஒரே அறிகுறிக்கு மூன்றாம் நாளில் ஒரு அர்த்தம், பதிமூன்றாம் நாளில் வேறு அர்த்தம். ஈன்ற தேதியை ஒரு தாளில் எழுதிக் கூண்டின் மேலே ஒட்டிவிடுங்கள்.

சிரியனுக்குச் சினைக்காலம் 16 நாள்தான். குள்ள வகைகளுக்கு மூன்று வாரம் வரை ஆகும். பிறக்கும்போது குட்டி 2 அல்லது 3 கிராம் இருக்கும். முடி இருக்காது, கண் காது திறந்திருக்காது, ஆனால் முன்பல் மட்டும் இருக்கும். ஒரு வாரத்தில் முடி அரும்பும். 8 முதல் 10 நாளில் கண் திறக்காமலே தவழ்ந்து தீனியைக் கொறிக்க ஆரம்பிக்கும். 14 முதல் 16 நாளில் கண் திறக்கும். மூன்று வாரத்தில் பால் மறக்கும்.

முதல் 10 நாள் கூட்டை யாரும் தொடக் கூடாது. தீனி வைக்க, தண்ணீர் மாற்ற மட்டும் கை உள்ளே போகலாம். கீழே உள்ள சோதனைகளில் கூட்டைக் கலைக்காமல் வெளியிலிருந்தே பார்க்கக்கூடியவற்றை முதலில் வைத்திருக்கிறேன், காரணம் பெரும்பாலும் வெளியில்தான் இருக்கும்.

## அறிகுறி: குட்டிகளின் எண்ணிக்கை குறைகிறது, தாய் தின்கிறது

இதைப் பார்த்தவுடன் ஆள் பதறி, தாயைப் பிடித்து வேறு டப்பாவில் போடுவார்கள். அதைச் செய்யாதீர்கள். தாயில்லாத பச்சைக் குட்டி அன்றைக்கே செத்துவிடும். தாய் இருந்தால் மிச்சமாவது பிழைக்கும்.

முதல் இரண்டு மூன்று நாளில் ஒன்று அல்லது இரண்டு குறைந்து, அத்தோடு நின்றுவிட்டதா? ஒன்றும் செய்ய வேண்டாம். செத்த குட்டியையும் நோஞ்சானையும் தாய் தின்றுவிடும். பத்துப் பன்னிரண்டு போட்டிருந்தால் தன்னால் வளர்க்க முடிந்த அளவுக்குக் குறைத்துக்கொள்வதும் உண்டு. 1977இல் டே, கேலஃப் என்ற இரு ஆய்வாளர்கள் இது தாயின் கோளாறு அல்ல, தாய்மை நடத்தையின் ஒரு பகுதியே என்று எழுதினார்கள். பார்க்க மனசு கஷ்டமாகத்தான் இருக்கும்.

நிற்காமல் தினமும் குறைகிறதா? அப்படியானால் இந்த வரிசையில் பாருங்கள். செலவில்லாதது முதலில்.

தொந்தரவு. கூண்டு ஹாலில், டிவிக்குப் பக்கத்தில், பிள்ளைகள் குனிந்து பார்க்கும் உயரத்தில் இருக்கிறதா? மூன்று பக்கம் ஒரு துணியைத் தொங்கவிடுங்கள், காற்று போக ஒரு பக்கம் விடுங்கள். கூண்டை வேறு அறைக்குத் தூக்கிப் போவது கடைசி வழி. இருக்கும் இடத்தையே அமைதியாக்கப் பாருங்கள். "யாராவது தொட்டீர்களா?" என்று கேட்டால் முதலில் இல்லை என்பார்கள். ஐந்து நிமிடம் பேசிய பிறகு, "பாப்பா ஒரே ஒரு தடவை எடுத்துப் பார்த்தாள்" என்று வரும்.

தண்ணீர். பாட்டில் நிறைய இருப்பதைப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். நிறைந்தே இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். குழாய் நுனியில் இருக்கும் குண்டை விரலால் தட்டுங்கள், சொட்டு விழ வேண்டும். போர் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் உப்புப் படிந்து குண்டு இறுகிவிடும். ஒருமுறை நண்பர் வீட்டில் இரண்டு நாளாக ஒரு சொட்டு இறங்கவில்லை, தாய் ஆறு குட்டியைத் தின்றிருந்தது. எலுமிச்சைச் சாற்றில் குழாயை ஊற வைத்துக் கழுவினோம், தண்ணீர் வந்தது. மிச்சம் மூன்றும் பிழைத்தன.

தீனி. பாலூட்டும் தாய்க்கு வழக்கமான தானியக் கலவை மட்டும் போதாது, புரதம் வேண்டும். உப்பில்லாமல் வேகவைத்த முட்டை வெள்ளைக்கரு, பனீர், முளைகட்டிய பச்சைப்பயறு, இவற்றில் ஏதாவது ஒன்று தினமும் கொடுங்கள். கட்டைவிரல் நகம் அளவு போதும். அதிகம் வைத்தால் கன்னப்பையில் அள்ளிக்கொண்டு போய்க் கூட்டுக்குள் பதுக்கும். நம் ஊர் வெயிலில் முட்டை அங்கேயே அழுகும், அப்புறம் எறும்பு வரும். தானியத்தை மட்டும் தாராளமாகப் போட்டு வையுங்கள், சேமிப்பு நிறைய இருந்தால் அது நிம்மதியாக இருக்கும்.

வேறு ஹாம்ஸ்டர். சிரியன் ஆண் கூடவே இருந்தால் உடனே வெளியே எடுங்கள். இன்னொரு பெண் இருந்தாலும் அப்படித்தான். சிரியன் தனித்து வாழும் பிராணி. கடையில் இரண்டும் பெண்தான் என்று சத்தியம் செய்து கொடுத்திருப்பார்கள், என்னிடமும் அப்படித்தான் செய்தார்கள்.

எறும்பு. இதை மறந்துவிடுகிறோம். இரவில் டார்ச் அடித்துக் கூண்டின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். எறும்பு மொய்த்த குட்டி கத்தும், தாய் நிலைகொள்ளாமல் திரியும், கடைசியில் தின்றுவிடும். மேஜையின் நான்கு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள், பாட்டி வீட்டு அலமாரிக்குச் செய்தார்களே, அதேதான். எறும்பு சாக்பீஸ் கூண்டுக்குப் பக்கத்திலேயே வரக் கூடாது, அது விஷம்.

இவ்வளவும் சரியாக இருந்தும் தினமும் குறைந்தால் தாய்க்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம். பால் பற்றிய பகுதிக்குப் போங்கள்.

மொத்தமும் போய்விட்டதா? அந்தத் தாயை ஒதுக்கிவிடாதீர்கள். முதல் ஈற்றில் இப்படிச் செய்த தாய் அடுத்ததில் ஒழுங்காக வளர்ப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். உடனே மறுபடி ஆணோடு விடாமல் நன்றாகத் தின்று உடம்பு தேற விடுங்கள்.

இந்தப் பழக்கம் இந்த இனத்தோடு வீட்டுக்குள் வந்ததுதான். 1930இல் சிரியாவின் அலெப்போ பக்கம் ஒரு வயலைத் தோண்டி, இஸ்ரேல் அஹரோனி என்ற விலங்கியலாளர் ஒரு தாயையும் 11 குட்டிகளையும் எடுத்தார். பெட்டியில் போட்டவுடன் அருகில் வந்த ஒரு குட்டியைத் தாய் கடித்துக் கொன்றது. இன்று உலகெங்கும் வீடுகளில் வளரும் கோல்டன் ஹாம்ஸ்டர்கள் பெரும்பாலும் அந்த ஒரே ஈற்றின் வழி வந்தவை. கூட்டைத் தோண்டினால் என்ன நடக்கும் என்பது முதல் நாளே தெரிந்திருக்கிறது.

## அறிகுறி: குட்டி கூட்டுக்கு வெளியே கிடக்கிறது

10 நாளுக்கு மேல் ஆகிவிட்டதா? தவழ்ந்து வந்திருக்கும். தாய் தோலைக் கவ்வித் தரதரவென்று இழுத்துக்கொண்டு போகும், குட்டி வீல் என்று கத்தும். அது கடிப்பது இல்லை. விட்டுவிடுங்கள்.

ஒரே ஒரு குட்டி, தண்ணீர் பாட்டிலுக்கோ தீனிக் கிண்ணத்துக்கோ பக்கத்தில் கிடக்கிறதா? காம்பை விடாமல் கவ்விக்கொண்டிருந்த குட்டியைத் தாய் தெரியாமலே இழுத்து வந்திருக்கும். கால் மணி நேரம் பொறுங்கள். குட்டியின் சத்தம் நம் காதுக்கு எட்டாத சுருதியில் இருக்கும், தாய்க்குக் கேட்கும், வந்து எடுக்கும். எடுக்கவில்லை, குட்டி சில்லிட்டுவிட்டது என்றால் நீங்கள் இறங்க வேண்டியதுதான்.

ஒரு ஸ்டீல் ஸ்பூனைக் கூண்டின் மூத்திர மூலையில் உள்ள படுக்கையில் நன்றாகத் தேய்த்துக்கொள்ளுங்கள். தாய்க்கு எதிர்மூலையில் ஒரு வெள்ளரித் துண்டைப் போட்டுக் கவனத்தைத் திருப்புங்கள். குட்டியை ஸ்பூனில் அள்ளிக் கூட்டின் வாசலில் வையுங்கள். உள்ளே கைவிட்டுத் திணிக்க வேண்டாம், தாய் இழுத்துக்கொள்ளும். ரொம்பச் சில்லிட்டிருந்தால், தாயின் படுக்கையிலிருந்து எடுத்த டிஷ்யூவில் சுற்றி, வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பித் துணி சுற்றிய பாட்டிலோடு ஒட்டி வைத்து, நெளிய ஆரம்பித்ததும் திருப்பி விடுங்கள். செத்துப்போனது என்று நினைத்த குட்டி இருபது நிமிடத்தில் வாயைத் திறந்து திறந்து மூடியதை நானே பார்த்திருக்கிறேன். ஹேர் டிரையர் வேண்டாம், சில்லிட்ட குட்டியின் வாயில் பால் ஊற்றவும் வேண்டாம்.

பல குட்டிகள் சிதறிக் கிடக்கின்றனவா? மூன்று காரணம்தான். ஒன்று, கூடு நனைந்திருக்கும், பாட்டில் ஒழுகுகிறதா பாருங்கள். இரண்டு, கூடு கட்டப் பொருள் போதவில்லை. வெள்ளை டிஷ்யூ பேப்பரைக் கிழித்துக் கூட்டுக்குப் பக்கத்தில் குவித்து வையுங்கள், தாயே இழுத்துக் கட்டிக்கொள்ளும். பஞ்சு மட்டும் போடாதீர்கள். அதன் இழை குட்டியின் காலில் சுற்றி இறுகி, கால் கறுத்துப் போகும். மூன்றாவது காரணம் வெயில்.

## அறிகுறி: தாய் கூட்டை விட்டு விலகிக் கையைக் காலை நீட்டிப் படுக்கிறது

சித்திரை வைகாசியில் மாடி வீட்டில் இது சகஜம். அறை 20 முதல் 24 டிகிரி இருந்தால் நல்லது, 30ஐத் தாண்டினால் தாய் தவிக்கும். முதலில் கூண்டைத் தொடாமல் ஜன்னல் வெயிலை மறையுங்கள். அப்புறம் ஒரு பாட்டில் தண்ணீரை உறைய வைத்துத் துணி சுற்றிக் கூண்டின் வெளிச்சுவரில், கூட்டுக்கு எதிர்ப்பக்கம் சாய்த்து வையுங்கள். உள்ளே ஒரு சிறிய ஓட்டுத் துண்டையும் வைக்கலாம், தாய் அதன்மேல் போய்ப் படுத்துக்கொள்ளும். ஃபேன் காற்று நேராகக் கூட்டின் மேல் அடிக்கக் கூடாது, குட்டிகள் குளிரில் போய்விடும்.

தாய் வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், எச்சில் வழிந்தால், தட்டியும் எழவில்லை என்றால் டாக்டர்.

## அறிகுறி: குட்டியைக் கன்னப்பையில் திணித்துக்கொண்டு ஓடுகிறது

தின்றுவிட்டது என்று நினைத்துப் போன் செய்வார்கள். கன்னம் உப்பியிருந்தால் குட்டி உள்ளே பத்திரமாக இருக்கிறது. பயந்த தாய் குட்டியை இடம் மாற்றுகிறது. நீங்கள் அறையை விட்டு வெளியே வருவதுதான் வைத்தியம். விளக்கை அணைத்துவிட்டு அரை மணி நேரம் எட்டிப் பார்க்காதீர்கள். வாயைத் திறக்க முயன்றால் இன்னும் பயந்து உள்ளேயே வைத்திருக்கும், குட்டி மூச்சு முட்டிச் சாகும்.

தினமும் இடம் மாற்றுகிறதா? அதற்கு ஒளிய இடம் போதவில்லை. ஒரு பக்கம் திறந்த அட்டைப் பெட்டியைக் கவிழ்த்து வையுங்கள்.

## அறிகுறி: பால் கொடுக்கிற மாதிரியே தெரியவில்லை

தாய் எப்போதும் கூட்டிலேயே இருக்காது. போகும்போது குட்டிகளை டிஷ்யூவால் மூடிவிட்டுப் போயிருந்தால் எல்லாம் சரி.

சந்தேகம் இருந்தால் மூன்றாம் நாளுக்கு மேல், இரவு தாய் தீனிக்கு வெளியே வரும் நேரத்தில் பாருங்கள். டார்ச்சின் மேல் கைக்குட்டையைப் போட்டு வெளிச்சத்தைக் குறைத்து, படுக்கையில் தேய்த்த ஸ்பூன் காம்பால் கூட்டின் மேல்பக்கத்தை மெல்ல விலக்குங்கள். குட்டியின் வயிற்றில் இடப்பக்கம், தோலுக்கு அடியில் ஒரு வெள்ளைத் திட்டு தெரிகிறதா? அது பால். முடி வளரும் வரைக்கும் அந்தத் தோல் கண்ணாடி மாதிரி இருக்கும், திட்டு தெளிவாகத் தெரியும். தெரிந்தால் மூடிவிட்டு வந்துவிடுங்கள்.

எல்லாக் குட்டியிலும் திட்டு இல்லை, தோல் சுருங்கியிருக்கிறது: தண்ணீர், தீனி, அமைதி மூன்றையும் மறுபடி பாருங்கள். எல்லாம் சரியென்றால் தாயின் அடிவயிற்றைப் பார்க்க வேண்டும், அதையும் கையில் எடுக்காமல். கண்ணாடித் தொட்டியில் இருந்தால் சுவரில் கால் வைத்து எழும்பும்போது தெரியும். காம்புகள் ஏதாவது சிவந்து வீங்கியோ நீலம் பாரித்தோ கட்டியாக இருக்கிறதா? குட்டி வாய் வைத்ததும் உதறி விலகுகிறதா? மடிநோய். மாட்டுக்கு வருவது போலத்தான், வலியில் குட்டிகளைக் கடிக்கும், தின்னும். வீட்டு வைத்தியம் கிடையாது, அன்றைக்கே டாக்டர்.

தாயே செத்துவிட்டது: கிட்டத்தட்ட அதே வயதுக் குட்டிகளோடு இன்னொரு தாய் யாரிடமாவது இருந்தால் அதன் படுக்கையில் குட்டிகளை லேசாகப் புரட்டி, அது வெளியே வந்த நேரத்தில் உள்ளே விடலாம். சேர்த்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. 10 நாளுக்குக் குறைந்த குட்டியைக் கையால் வளர்ப்பது அநேகமாக நடக்காது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வாரம் தாண்டியிருந்தால் பயப்பட வேண்டாம். பூனைக்குட்டிக்கு விற்கும் பால்பவுடரைக் கரைத்து, அதில் ஊறிய ஓட்ஸை மூடியில் வைத்தால் தாமே நக்கித் தின்னும்.

## அறிகுறி: ஈனும்போது இரத்தம், அல்லது நேரம் இழுக்கிறது

குட்டிக்குக் குட்டி பத்து நிமிடம் முதல் அரை மணி நேரம் இடைவெளி இருக்கும். லேசான இரத்தம் சகஜம். முக்கிக்கொண்டே இருந்து ஒன்றும் வரவில்லை, அல்லது பாதி வந்து நிற்கிறது, அல்லது எல்லாம் முடிந்த மறுநாளும் இரத்தம் என்றால் வீட்டில் எதுவும் இழுக்காதீர்கள். டாக்டர்.

சினையில்லாத பெண்ணுக்கு நான்கு நாளைக்கு ஒருமுறை கெட்டியான வெள்ளைத் திரவம் வரும். அது சீழ் இல்லை, பருவச் சுழற்சி. அதற்காகப் போன் செய்தவர்கள் நிறையப் பேர்.

## அறிகுறி: மூன்றாம் வாரத்தில் தாய் குட்டிகளைத் துரத்துகிறது

பால் மறக்கும் நேரம். குட்டிகள் ஏற முடியாத ஒரு மேல்தட்டு வைத்தால் தாய் அங்கே போய் இளைப்பாறும். தண்ணீர்க் குழாய் குட்டிக்கு எட்டும் உயரத்தில் இன்னொன்று இருக்கட்டும். குட்டி தண்ணீர் கிடைக்காமல்தான் மறுபடி காம்பைத் தேடித் தாயைத் தொந்தரவு செய்யும். கம்பிக் கூண்டென்றால் இடைவெளியைப் பாருங்கள், விரல் நுழைந்தால் குட்டியும் நுழைந்துவிடும்.

துரத்துவதோடு காயமும் இருந்தால் 21 நாளுக்கு மேல் தாயைத் தனியே எடுத்துவிடலாம். 28ஆம் நாளுக்குள் ஆண் பெண் பிரித்தே ஆக வேண்டும். ஐந்தாம் வாரத்தில் குட்டியே சினையாகிவிடும். சிரியன் குட்டிகள் சண்டை போட ஆரம்பித்தால் உடனே, இல்லாவிட்டாலும் ஆறு எட்டு வாரத்துக்குள் ஒவ்வொன்றுக்கும் தனிக் கூண்டு.

முதல் ஈற்று பால் மறக்கும் முன்பே புதுக் குட்டிகள் தெரிகின்றனவா? குள்ள வகையாக இருக்கும். அவை ஈன்ற அன்றே மறுபடி இணையும். காம்ப்பெல் குள்ளனில் ஆண், குட்டி பிறக்கும்போதே கூட இருந்து உதவும், நல்ல அப்பாதான். ஆனால் அடுத்த ஈற்று வேண்டாம் என்றால் பிரசவத்துக்கு முன்பே அதைப் பிரித்துவிடுங்கள். இப்போது மூத்த குட்டிகளை உடனே எடுங்கள், புதுக் கூட்டை மிதித்துக் கலைத்துவிடும்.

## அறிகுறி: குட்டியின் வால்பக்கம் ஈரம், கழிச்சல்

பால் மறந்த குட்டிகளுக்கு மூன்று முதல் எட்டு வாரத்தில் வருவது. ஈரவால் நோய் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளை பார்க்கலாம் என்ற பேச்சே இல்லை, இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும். நனைந்த குட்டியைத் தனியே எடுத்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் மற்றதைத் தொட வேண்டும். காய்கறி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் கிளம்புங்கள்.

## டாக்டரிடம் போகும்போது

பக்கத்துக் கால்நடை மருத்துவமனையில் மாடும் ஆடும் நாயும்தான் அதிகம் பார்ப்பார்கள். போன் செய்து ஹாம்ஸ்டர் பார்ப்பார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சென்னையில் வேப்பேரி, அப்புறம் நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளிலும் விசாரிக்கலாம்.

பெனிசிலின், அமாக்சிசிலின், ஆம்பிசிலின், எரித்ரோமைசின், கிளின்டாமைசின் எல்லாம் ஹாம்ஸ்டரைக் கொல்லும். அவை குடலில் உள்ள நல்ல கிருமிகளை அழித்துவிடும், அதில் கழிச்சல் கண்டு சாகும். வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக்கில் கால் மாத்திரை கரைத்துக் கொடுக்கும் வேலை வேண்டவே வேண்டாம். டாக்டர் எழுதிக் கொடுத்தாலும், இது ஹாம்ஸ்டருக்கு ஆகுமா என்று ஒரு வார்த்தை கேளுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

முதல் 10 நாளுக்குள் தாயை மட்டும் டப்பாவில் போட்டுத் தூக்கிப் போகாதீர்கள். கூண்டையே, கூட்டோடு, துணி மூடி எடுத்துப் போங்கள். ஆட்டோ குலுக்கலில் பாட்டில் ஒழுகிக் கூட்டை நனைத்துவிடும், அதனால் பாட்டிலைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கழிச்சல் இல்லாத தாய்க்கு உள்ளே ஒரு வெள்ளரித் துண்டு போட்டுவிடுங்கள். ஈன்ற தேதி எழுதிய தாள் மேலேயே ஒட்டியிருக்கட்டும், டாக்டரும் முதலில் அதைத்தான் கேட்பார்.